பக்கத்துக்கு எவ்வளவு?

மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிரதியில் பிழை பார்க்கிற 'புரூஃப்' வேலை பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது? இருபது வருடமாக இந்த வேலையில்தான் என் வீடு நடக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: தமிழில் எம்.ஏ. படித்தவள். குழந்தை பிறந்ததும் பள்ளி வேலையை விட்டேன். ஒரு சிறிய பதிப்பகத்தார் போனில் அழைத்து, "ஒரு நாவல் இருக்கிறது, புரூஃப் பார்த்துக் கொடுங்கள், பக்கத்துக்கு எவ்வளவு?" என்றார். யோசிக்காமல் 12 ரூபாய் என்று சொல்லிவிட்டேன். 320 பக்கம். ராத்திரி குழந்தை தூங்கியபிறகு உட்கார்ந்து முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. குறித்துவைத்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் 80 மணி நேரம். கைக்கு வந்தது 3,840 ரூபாய். நான் குறைவாகக் கேட்டுவிட்டேனா, இல்லை நான்தான் மெதுவா?
— வாசகி, மதுரை

பதில்: நீங்கள் மெதுவே இல்லை. நேரத்தைக் குறித்துவைத்தீர்கள் பாருங்கள், இந்தத் தொழிலில் பத்து வருடம் இருப்பவர்களே அதைச் செய்வதில்லை. அந்தக் குறிப்புதான் உங்களுக்கு நடந்ததைச் சொல்கிறது. 80 மணி நேரத்தில் 320 பக்கம் என்றால் மணிக்கு 4 பக்கம். வெறும் மெய்ப்பு என்றால் சுமாரான பிரதியில் மணிக்கு 10 பக்கம் ஓடும். மணிக்கு நாலுதான் ஓடியது என்றால் நீங்கள் செய்தது மெய்ப்பு இல்லை, செம்மையாக்கம் (எடிட்டிங்). அதாவது செம்மையாக்கத்தைச் செய்துவிட்டு மெய்ப்புக்கான கூலியை வாங்கியிருக்கிறீர்கள். மணிக்கு 48 ரூபாய் விழுந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு வரியை வைத்துக் காட்டுகிறேன். பிரதியில் இப்படி இருக்கிறது: "அவன் வீட்டிற்க்கு சென்று கதவை திறந்த பொழுது உள்ளே இருந்தது ஒரு கறுப்பு பூனை அது அவனை பார்த்ததும் ஓடி விட்டது." மெய்ப்புப் பார்ப்பவர் இதை "அவன் வீட்டிற்குச் சென்று கதவைத் திறந்தபொழுது உள்ளே இருந்தது ஒரு கறுப்புப் பூனை. அது அவனைப் பார்த்ததும் ஓடிவிட்டது" என்று ஆக்குவார். எண்ணிப் பாருங்கள், ஒரு வரியில் எட்டு இடத்தில் கை வைத்தாயிற்று. இத்தனைக்கும் வாக்கியம் எழுத்தாளருடையதாகவே இருக்கிறது. மொழியைச் செம்மை செய்பவர் இதோடு விடமாட்டார், "வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தான். உள்ளே இருந்த கறுப்புப் பூனை அவனைப் பார்த்ததும் ஓடியது" என்று வாக்கியத்தையே பிரித்துக் கட்டுவார். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் 40ஆம் பக்கத்துக்குத் திரும்பிப் போய், வீட்டுச் சாவியை அம்மா ஊருக்கு எடுத்துப் போய்விட்டாளே, இவன் எப்படித் திறந்தான் என்று ஓரத்தில் எழுதி எழுத்தாளரைக் கேட்பார். மூன்றும் மூன்று வேலை. மூன்றுக்கும் மூன்று கூலி. பதிப்பகத்தார் எல்லாவற்றுக்கும் 'புரூஃப்' என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார், அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை, நம் ஊரில் பழக்கம் அப்படி. தமிழ் படித்தவர்கள் கண்ணில் பிழை பட்டால் சும்மா விடமாட்டோம், கைக்கு வந்ததையெல்லாம் திருத்திவிடுவோம், பிறகு மணி இரண்டாகிவிட்டதே என்று பார்ப்போம்.

அப்படியானால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? போனில் எந்த எண்ணும் சொல்லியிருக்கக் கூடாது. "ஃபைலை அனுப்புங்கள், பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஃபைல் வந்ததும் நடுவில் இரண்டு இடம், கடைசியில் ஓர் இடம் என்று ஐந்து பக்கம் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யுங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் எடுக்காதீர்கள். எல்லா எழுத்தாளர்களும் முதல் அத்தியாயத்தைப் பத்துத் தடவை திருத்தியிருப்பார்கள், அது எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். ஐந்து பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனால் அது மெய்ப்பு. ஒன்றேகால் மணி நேரம் ஆனால் அது வேறு வேலை, அதற்கு வேறு விலை.

பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டெமி என்ற புத்தக அளவில் 13 பாயிண்ட் எழுத்தில் அடித்த பக்கமும் ஏ4 தாளில் 10 பாயிண்டில் நெருக்கி அடித்த பக்கமும் ஒன்றில்லை, இரண்டாவதில் புத்தகப் பக்கம் இரண்டு அடங்கிவிடும். பழைய ஆட்கள் ஃபாரக் கணக்கு வைத்திருந்தார்கள், 16 பக்கம் ஒரு ஃபாரம். உங்கள் நாவல் 20 ஃபாரம். அச்சாகப்போகிற அளவை முதலிலேயே முடிவு செய்துகொண்டதால் அந்தக் கணக்கில் குழப்பம் குறைவு. இப்போது வேர்ட் ஃபைலாக வருவதால் நான் சொல் எண்ணிக்கையை வைத்துத்தான் பேசுகிறேன், 'பக்கம் என்பது 200 சொல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சரி, மணிக்கு எவ்வளவு? இதை ஊரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட், மின்சாரம், கம்ப்யூட்டர் பழுதானால் புதிது வாங்க ஒதுக்குவது, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து இன்னொரு 4,000. வருடத்தில் இரண்டு மாதம் வேலை வராது என்று வையுங்கள். அந்த இரண்டு மாதச் செலவையும் மீதிப் பத்து மாதம்தான் சுமக்க வேண்டும், ஆக மாதத்துக்கு 40,800. நேரம் எவ்வளவு இருக்கிறது? எட்டு மணி நேரம் என்று எழுதாதீர்கள். ஒற்றுப் பார்க்கிற கண் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நிற்காது, அதற்கு மேல் பார்த்த பக்கங்களை மறுநாள் திரும்பப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். 22 நாள், நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் 110. போன் பேச, பில் போட, பணம் கேட்டு நினைவுபடுத்த 20 மணி நேரம் போய்விடும். மீதி 90. வகுத்தால் மணிக்கு 453 ரூபாய், 450 என்று வைத்துக்கொள்ளலாம். மெய்ப்புக்குப் பக்கம் 45 ரூபாய். நீங்கள் செய்த வேலைக்குப் பக்கம் 112.

இந்த எண்ணைப் பார்த்து உங்களுக்கே பயமாக இருக்கும். 320 பக்கத்துக்கு 35,840 ரூபாய் எந்தச் சிறு பதிப்பகம் தரும்? நியாயமான கேள்விதான். பதிப்பாளர் தரப்பையும் பார்க்க வேண்டும். முன்பு ஒரு நாவல் 1,000, 1,200 பிரதி அடிப்பார்கள், இப்போது 300, பி.ஓ.டி. (கேட்கக் கேட்க அச்சடிக்கும் முறை) வந்தபிறகு அதற்கும் கீழே. 400 ரூபாய் விலையில் 300 பிரதி முழுவதும் விற்றாலே 1,20,000. அதில் கடைக்காரருக்குக் கழிவு, அச்சுக்கூலி, எழுத்தாளருக்கு ராயல்டி, அட்டைப்பட ஓவியருக்கு ஏதோ கொஞ்சம் எல்லாம் போக வேண்டும். அவரிடம் 35,000 இருக்காது.

இங்கேதான் நாம் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறோம். அவரிடம் பணம் இல்லை என்று தெரிந்ததும் ரேட்டைக் குறைத்துவிட்டு வேலையை மட்டும் முழுதாகச் செய்கிறோம். குறைக்க வேண்டியது வேலையை. "உங்களால் 15,000 தர முடியும் என்றால் மெய்ப்பு மட்டும் பார்க்கிறேன். ஒற்று, எழுத்துப் பிழை, நிறுத்தக்குறி, பெயர்கள் ஒரே மாதிரி வருகின்றனவா என்பது வரை. வாக்கியத்தைத் தொடமாட்டேன். தொட வேண்டிய இடங்களை மஞ்சளில் காட்டிவிடுகிறேன், எழுத்தாளரே சரி செய்யட்டும்" என்று சொல்லலாம். பக்கம் 45 ரூபாய் என்றால் 14,400 வரும், இரண்டு பேருக்கும் தாங்கும். அப்புறம் வாக்கியத்தைத் தொடாமல் இருப்பது உங்கள் கையில். எனக்கு அந்தக் கட்டுப்பாடு வரவே நாலைந்து வருடம் ஆயிற்று.

பிடித்த எழுத்தாளர், நல்ல புத்தகம், பணம் குறைந்தாலும் செய்ய ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நானும் வருடத்துக்கு இரண்டு கவிதைத் தொகுப்புகளை அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் வருடத்துக்கு இரண்டு என்று எண்ணி வைத்துக்கொண்டு செய்கிறேன், மூன்றாவதாக ஒருவர் கேட்டால் அடுத்த வருடம் என்று சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மும்பையில் உள்ள ஒரு ஏஜென்சிக்கு விளம்பர வாசகங்களைத் தமிழில் எழுதித் தருகிறேன். ஆங்கிலத்தில் வரும், நான் தமிழில் எழுத வேண்டும். தமிழ்ச் சொல் ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாய். இந்தி எழுதுகிறவருக்கும் இதே ரேட் என்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் அவருக்கு அதிகம் வருகிறது, எனக்குக் குறைகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, தமிழ் இலக்கணம் செய்கிற வேலை அது. நம் மொழியில் சொல்லோடு வேற்றுமை ஒட்டும், காலம் ஒட்டும், இடம் ஒட்டும், எதிர்மறையும் ஒட்டும். ஆங்கிலத்தில் ஒன்பது சொல்லில் எழுதிய ஒரு வாக்கியம் தமிழில் "நீங்கள் வங்கிக்கு வரவேண்டியதில்லை" என்று மூன்றே சொல்லில் முடிந்துவிடுகிறது. இந்திக்காரருக்கு 'கோ', 'மேன்', 'ஸே' எல்லாம் தனித்தனியாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் ரூபாய். நம் 'க்கு'வும் 'இல்'லும் ஒட்டிக்கொண்டு இலவசமாகப் போகின்றன. என்னிடம் வருகிற கோப்புகளில் ஆங்கிலம் 1,000 சொல் என்றால் தமிழ் 700, 750தான் வரும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. "வர வேண்டியது இல்லை" என்று பிரித்து எழுதினால் மூன்று சொல்லுக்குக் காசு, "வரவேண்டியதில்லை" என்று சேர்த்து எழுதினால் ஒன்றுக்குத்தான். நன்றாக எழுத எழுதக் கூலி குறைகிற ஒரு கணக்கை யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆகவே முதல் வேலையாக, எண்ணிக்கையை ஆங்கில மூலத்தில் வைக்கச் சொல்லுங்கள். மூல எண்ணிக்கை என்றால் வேலை தொடங்கும் முன்பே இரண்டு பேருக்கும் தொகை தெரியும், ஏஜென்சிக்கும் அது வசதிதான். பெரும்பாலும் உடனே சம்மதிப்பார்கள்.

ஆனால் இது கையேடு, படிவம், செயலியில் வருகிற வரிகள் போன்றவற்றுக்கு மட்டும். விளம்பர வாசகத்துக்குச் சொல் கணக்கே வேண்டாம். 40 சொல்லில் ஒரு விளம்பரம் என்றால் உங்களுக்கு வருவது 50 ரூபாய். அட்சய திருதியைக்கு ஒரு நகைக்கடை ஹோர்டிங், தலைப்பு மூன்று சொல், ஏறக்குறைய நாலு ரூபாய். அந்த மூன்று சொல்லுக்காக நான் நோட்டில் இருபது முப்பது வரி எழுதி அடித்திருக்கிறேன். "பொன்" என்று தொடங்கினால் எல்லாக் கடைக்காரரும் போட்டதாக இருக்கும், "தங்கம்" என்றால் எதுகைக்கு வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகும், வாடிக்கையாளர் பாதி பேர் சேலத்திலும் ஈரோட்டிலும் இருப்பவர்கள், அவர்கள் வாயில் வருகிற மாதிரி இருக்க வேண்டும், பைக்கில் போகிறவர் மூன்று நொடியில் படிக்கவும் வேண்டும். அத்தனையும் யோசித்து மூன்று சொல்லைக் கொடுத்தால் அதை எண்ணிக் காசு தருவது அந்த வேலையைப் பார்க்காததற்குச் சமம்.

ஆக, விளம்பரத்துக்கு வேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். அதில் எத்தனை மாதிரி கொடுப்பீர்கள், எத்தனை தடவை திருத்தித் தருவீர்கள் என்பது இருக்க வேண்டும். நான் மூன்று மாதிரி, இரண்டு திருத்தம் என்று வைத்திருக்கிறேன், மூன்றாவது திருத்தத்திலிருந்து தனிக் காசு. இந்த ஒரு வரியை எழுதிவைத்தபிறகு, வாடிக்கையாளரின் மாமா என்ன சொன்னார், மேனேஜரின் மனைவி என்ன சொன்னார் என்று ஏழாவது தடவை வருகிற திருத்தங்கள் தானாக நின்றுவிட்டன.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருகிறவருக்குத்தான் பொதுவாக முதல் உரிமை. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்தும் வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏஜென்சிகள் எல்லா உரிமையையும் என்றைக்குமாகக் கேட்பார்கள். கொடுக்கலாம், பெரிய தவறில்லை, ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு என்பதும் 'முழுத்தொகை வந்தபிறகு உரிமை மாறும்' என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் இப்போது, "மெஷினே மொழிபெயர்த்துவிட்டது, நீங்கள் சும்மா ஒருமுறை பார்த்தால் போதும்" என்று பாதி ரேட் பேசுகிறது. ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: மாதிரிப் பக்கத்தைச் செய்து பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மதுரை வாசகிக்குச் சொன்ன அதே கடிகாரக் கணக்குதான். பாதி நேரத்தில் முடிந்தால் பாதி ரேட் நியாயம். சில வகை எழுத்துகளில் அப்படி முடியவும் செய்யும், மெஷின்கள் தேறிவிட்டன என்பதை மறுக்கவில்லை.

ஆனால் "சும்மா ஒருமுறை பார்த்தால் போதும்" என்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தொழிற்சாலைப் பணியாளர்களுக்கான ஒரு கையேடு எனக்கு இப்படி வந்தது. அதில் ஒரு வரி: "காவலர் இல்லாதபோது இயந்திரத்தை இயக்க வேண்டாம்." படித்துப் பாருங்கள், பிழையே இல்லை, ஒற்றுகூடச் சரியாக இருக்கிறது. நானும் தாண்டிப் போய்விட்டேன். இரண்டு பக்கம் தள்ளி, "காவலரைக் கழற்றிச் சுத்தம் செய்யவும்" என்று வந்தபோதுதான் திடுக்கிட்டுத் திரும்பினேன். ஆங்கிலத்தில் 'கார்டு' (guard) என்று இருந்தது, இங்கே அது காவலர் இல்லை, சுழலும் பாகத்தில் கை படாமல் இருக்க மேலே மாட்டுகிற தடுப்பு மூடி. அந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர் அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிற தொழிலாளி. வாசலில் செக்யூரிட்டி இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மூடி இல்லாமல் இயந்திரத்தை ஓட்டினால் விரல் போகும்.

முன்பெல்லாம் மோசமான மொழிபெயர்ப்பு பார்த்தவுடன் தெரியும். இப்போது வருவது வழவழவென்று ஓடுகிறது, அதனால் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும், அதற்கு நேரம் முழுதாக ஆகும். நிறுவனத்திடம் இதை ஓர் உதாரணத்தோடு எழுதுங்கள். ஐந்து பக்கத்தில் நீங்கள் கண்டுபிடித்த இடங்களை, ஆன நேரத்தோடு சேர்த்து அனுப்புங்கள். நான் அப்படி அனுப்பியபிறகு, பாதி என்று பேசிய இடத்தில் முக்கால் தந்தார்கள். மருத்துவம், சட்டம், பாதுகாப்பு பற்றியது என்றால் முக்காலும் வேண்டாம், முழு ரேட் கேளுங்கள். தராவிட்டால் அந்த வேலை வேண்டாம்.

கேள்வி: மூன்று புத்தகம் முடித்துக் கொடுத்தேன். "புத்தகக் கண்காட்சி முடிந்ததும் தருகிறேன்" என்றார் பதிப்பாளர். ஜனவரி போய் ஆகஸ்ட் வந்துவிட்டது. ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், நெல்லை

பதில்: இந்த வாக்கியத்தை நானும் கேட்டிருக்கிறேன். நவம்பர், டிசம்பரில் ராத்திரி பகலாக உட்கார வைப்பார்கள், பொங்கலை ஒட்டி நந்தனத்தில் கண்காட்சி நடக்கும், அது முடிந்ததும் "கடைக்காரர்கள் இன்னும் செட்டில் பண்ணவில்லை" என்பார்கள். ஒரு பதிப்பாளரிடம் எனக்கு 18,000 ரூபாய் நின்றது. மூன்று கண்காட்சி போனது. கடைசியில், "பணமாக இல்லை, ஸ்டாலில் வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்த மாதம் நான் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த ஸ்டாலில் நின்ற நிலை இன்னும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு முன்பணம் பாதி வாங்காமல் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

உங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். வீட்டில் தனியாக உட்கார்ந்து பிழை திருத்துகிறவரும் ஆதார், பான் எண்ணை வைத்து 'உத்யம்' தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது, யாராவது காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல் பணம் தர வேண்டும். நாள் எதுவும் எழுதியிருக்காவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இதற்கென்று அரசு நடத்தும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஒன்று கவனியுங்கள்: வேலை செய்துகொடுக்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். பழைய மூன்று புத்தகத்துக்கு இது உதவுவது கடினம், இனி வருவதற்கு உதவும்.

நடைமுறையில் புகாரைவிட அதிகம் வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தில் வந்த ஒரு மாற்றம். குறு, சிறு தொழில்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வருடம் வரைக்கும் அதைச் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ள முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது உண்டு. உங்கள் பில்லில் உத்யம் எண்ணைப் போடுங்கள். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே நினைவுபடுத்துவார்.

பழைய பாக்கிக்கு, மூன்று பில்லையும் தேதியோடு ஒரே மின்னஞ்சலில் வைத்து, மாதம் இவ்வளவு என்று தவணை கேளுங்கள். சிறு பதிப்பாளர்களில் பலர் தராமல் இருக்க நினைப்பதில்லை, மொத்தமாகத் தரமுடியாமல் ஒளிகிறார்கள். தவணை என்றதும் போனை எடுப்பார்கள்.

கேட்டவர்களுக்காக வரி பற்றிச் சுருக்கமாக: நிறுவனங்கள் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கிற வரி) பிடித்தால் அது பறிபோன பணம் இல்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் உங்கள் வரியில் கழியும், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். எந்த வகையில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து 1 சதவீதமோ 10 சதவீதமோ இருக்கும், பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். ஜி.எஸ்.டி. பதிவு, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். அதுவரை உங்கள் பில்லில் ஜி.எஸ்.டி. போடக் கூடாது.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் தன் வாழ்க்கைக் கதையை எழுதியிருக்கிறார். செம்மை செய்து தரச் சொல்கிறார். கனடாக்காரர் என்பதால் கூடுதலாகக் கேட்கலாமா?
— வாசகி, சென்னை

பதில்: அவர் எங்கே இருக்கிறார் என்பதற்காகக் கூட்டாதீர்கள். ஆனால் அந்தப் பிரதிக்கு உங்களுக்கு அதிக நேரம் ஆகும் என்பதற்காகக் கூட்டலாம், கூட்டவும் வேண்டும். ஏனென்றால் அது உங்கள் ஊர்த் தமிழ் இல்லை. அவர் "கதைச்சனாங்கள்" என்று எழுதியிருந்தால் அது பேசினோம். "யன்னல்" (நம் ஜன்னல்) பிழை இல்லை, அவர்கள் எழுதுகிற முறை அது. நீங்களே கடிதத்தில் டொரன்டோவை ரொறன்ரோ என்று எழுதியிருக்கிறீர்கள், அவரைப் பார்த்துத்தானே அப்படி எழுதினீர்கள்? "வடிவு" (அழகு), "பேந்து" (பிறகு) எல்லாம் அவருடைய அம்மா பேசியது. சென்னைத் தமிழுக்கு அதையெல்லாம் மாற்றிக் கொடுத்து ஒரு புத்தகத்தையே கெடுத்த செம்மையாளர்களை எனக்குத் தெரியும். எது அந்த ஊர் வழக்கு, எது தட்டச்சுப் பிழை என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். வாரம் ஒருமுறை அவரோடு போனில் பேசுகிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள், கடிதத்திலேயே அதை எழுதுங்கள். வயதானவர்கள் ஒரு சொல்லைக் கேட்டால் ஒரு கதையைச் சொல்வார்கள். அந்தக் கதை புத்தகத்தில் இல்லாததாக இருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக இருந்தால், யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும், சில காணாமல் போகும். அந்த மாற்று வேலைக்குத் தனித் தொகை.

கேள்வி: ஒரே பதிப்பகத்துக்கு ஆறு வருடமாகப் பக்கம் 25 ரூபாய்க்கு மெய்ப்புப் பார்க்கிறேன். நல்ல மனிதர், பணம் தவறியதில்லை. கூட்டிக் கேட்க வாய் வரவில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாயால் கேட்க வேண்டாம், எழுதிவிடுங்கள். வருடத்துக்கு 5 சதவீதம் என்று வைத்தாலே ஆறு வருடத்தில் 25 ரூபாய் 33 ஆகியிருக்க வேண்டும், நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்கிறீர்கள், அவரே கூட்டித் தரவில்லையே என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு நினைவே இருந்திருக்காது. காரணம் நீளமாகச் சொல்லாதீர்கள், மன்னிப்புக் கேட்காதீர்கள், தேதி போடுங்கள். போன வருடம் நான் அனுப்பியதையே உங்கள் கணக்குக்கு மாற்றித் தருகிறேன், வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"ஐயா, வணக்கம். வரும் ஏப்ரல் 1 முதல் மெய்ப்புக் கட்டணம் பக்கத்துக்கு 33 ரூபாய். கடந்த ஆறு ஆண்டுகளாக 25 ரூபாயாகவே இருந்தது. இப்போது கையில் இருக்கும் இரண்டு நூல்களையும் பழைய கட்டணத்திலேயே முடித்துத் தருகிறேன். சிறுகதைத் தொகுப்பின் கடைசி மூன்று ஃபாரம் வியாழக்கிழமை வந்து சேரும். 212ஆம் பக்கத்தில் மாமியார் பெயர் மாறியிருக்கிறது, ஆசிரியரைக் கேட்டுச் சொல்லுங்கள்."